இணை ஓடுதளங்களில் ஒரே நேரத்தில் இறங்கும் விமானங்கள்: எந்த முறை, எத்தனை மீட்டர், எத்தனை நொடி?

மதுரை விமான நிலையத்தில் இன்று இருப்பது ஒரே ஓடுதளம். எண் 09/27, கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, நீளம் சுமார் 2,285 மீட்டர். இப்போது நடக்கிற பேச்சு முழுக்க அந்த நீளத்தைக் கூட்டுவது பற்றித்தான். ஆனாலும் பெங்களூருவிலும் டெல்லியிலும் பக்கம் பக்கமாக ஓடுதளங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: நம் ஊருக்கு இரண்டாவது ஓடுதளம் வருவதாக இருந்தால் அதை முதலாவதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்? இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்கள் இறங்கலாமா? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தேர்வுக்குப் படிக்கும் பொறியியல் பட்டதாரிகளும், கல்லூரியில் புராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொண்டவர்களும், நிலம் எடுப்பு பற்றிய கருத்துக்கேட்புக்குப் போகிறவர்களும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து நிற்பது இந்த ஒரே இடத்தில்தான்.

எல்லோரும் மீட்டரில் கேட்கிறார்கள். பாதுகாப்பை நொடியில் எண்ண வேண்டும். மீட்டர் என்பது அந்த நொடிகளை வாங்கக் கொடுக்கும் விலை.

## முதலில் அளவுகோல்

இரண்டு விமானங்கள் இரண்டு இணைக் கோடுகளில் இறங்கி வருகின்றன. ஒன்று தடம் மாறி மற்றதன் பக்கம் திரும்புகிறது. அடுத்து என்ன நடக்கும்? எந்த முறையை எடைபோட்டாலும் தொடங்க வேண்டிய இடம் இது.

கணக்கு எளிது. இறங்கும் வேகம் 140 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 72 மீட்டர். தடம் மாறிய விமானம் நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பி, 30 பாகையில் நிலைத்துப் பறக்கிறது. திரும்பி முடிக்கும் 10 நொடியில் அது பக்கவாட்டில் சுமார் 184 மீட்டர் நகர்ந்திருக்கும். அதன் பிறகு நொடிக்கு 36 மீட்டர். ஆக, பக்கத்துக் கோட்டைத் தொட ஆகும் நேரம்:

| ஓடுதள மையக்கோடுகளின் இடைவெளி | பக்கத்துக் கோட்டைத் தொட ஆகும் நேரம் |
|---|---|
| 760 மீ | 26 நொடி |
| 915 மீ | 30 நொடி |
| 1,035 மீ | 34 நொடி |
| 1,310 மீ | 41 நொடி |
| 1,525 மீ | 47 நொடி |

இந்த நொடிகளை யார் யார் செலவழிக்கிறார்கள் என்பது இரண்டாவது அளவுகோல். ரேடார், கன்ட்ரோலர், ரேடியோ, விமானி, விமானத்தின் எடை என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கோட்டில் சேரும் கட்டம். இரண்டு விமானங்களும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்து தத்தம் லோக்கலைசர் கதிரை, அதாவது ஓடுதள மையக்கோட்டைக் காட்டும் ரேடியோ கதிரைப் பிடிக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் கோட்டைத் தாண்டிப் போகும் வாய்ப்பு அதிகம். நான்காவது, விமானம் பின்னால் விட்டுச்செல்லும் சுழல்காற்று. ஐந்தாவது, இரண்டில் ஒன்று இறங்காமல் மீண்டும் மேலேறினால், அதாவது கோ-அரவுண்ட் செய்தால், வானில் அதற்கு இடம் இருக்கிறதா என்பது. ஆறாவது, திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் வராத செலவுகள்: நிலம், ஆள், பயிற்சி, கருவிப் பராமரிப்பு.

ஓர் எச்சரிக்கை. ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதியும் அமெரிக்க விதியும் ஒன்றல்ல. இரு ஓடுதளங்களிலும் ஒன்றையொன்று சாராமல் இறங்க வரும் தனித்த அப்ரோச்சுக்கு அமெரிக்காவில் 4,300 அடியாக இருந்த இடைவெளி 2013-இல் 3,600 அடியாக, அதாவது சுமார் 1,097 மீட்டராகக் குறைந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அந்த நாட்டின் ரேடார், நடைமுறை, பயிற்சி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இடைவெளியை ஒரு விதிப்புத்தகத்திலிருந்தும் கண்காணிப்பு நிபந்தனையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டக் கூடாது. கீழே வரும் குறைந்தபட்ச அளவுகள் ஐ.சி.ஏ.ஓ. அளவுகள்.

## வழி 1: ஒரே ஓடுதளம், அதைச் செம்மையாக

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. மதுரை அளவு நகரங்களுக்கு முதலில் எடைபோட வேண்டியது இதைத்தான்.

இரண்டு இறங்கும் விமானங்களுக்கு நடுவே 6 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்) விட்டு, அந்த இடைவெளியில் ஒன்றைப் புறப்பட அனுப்பினால், 140 நாட் வேகத்தில் மணிக்கு 23 இறங்கலாம், 23 ஏறலாம். மொத்தம் 46. லண்டன் கேட்விக் ஒரே ஓடுதளத்தில் மணிக்கு 55 இயக்கங்கள் வரை செய்து காட்டியிருக்கிறது.

இதற்கு வேண்டியவை: ஓடுதளத்தின் முழு நீளத்துக்கும் இணையாக ஒரு டாக்ஸிவே (விமானம் தரையில் நகரும் பாதை), இறங்கிய விமானம் வேகம் முழுதாகக் குறைவதற்கு முன்பே சாய்வாக வெளியேறும் வழிகள், நம்பகமான ரேடார் இடைவெளி. முழு நீள டாக்ஸிவே இல்லாத இடத்தில், இறங்கிய விமானம் ஓடுதளத்தின் மேலேயே திரும்பி நடந்து வர வேண்டியிருக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடம் ஓடுதளம் பூட்டிக் கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் இரண்டாவது ஓடுதளம் கேட்பது சரியான திட்டமிடல் ஆகாது.

தடம் மாறும் ஆபத்து இங்கே பூஜ்யம், ஏனென்றால் பக்கத்தில் கோடே இல்லை. மறைந்திருக்கும் குறை வேறு: ஓடுதளத்தில் ஒரு டயர் வெடித்தாலும், பழுதுபார்ப்புக்கு மூடினாலும், ஊருக்கு வரும் எல்லா விமானமும் திருச்சிக்கோ தூத்துக்குடிக்கோ திரும்ப வேண்டும்.

## வழி 2: பிரித்த இயக்கம்

இரண்டு இணை ஓடுதளங்கள். ஒன்று இறங்க மட்டும், மற்றது ஏற மட்டும். குறைந்தபட்ச இடைவெளி 760 மீட்டர். இறங்குகிறவை எல்லாம் ஒரே வரிசை என்பதால், பக்கம் பக்கமாக இரண்டு விமானம் இறங்கும் கவலை எழவே எழாது.

லண்டன் ஹீத்ரோவின் இரு ஓடுதளங்களுக்கு இடையே 1,414 மீட்டர் இருக்கிறது. தனித்த அப்ரோச்சுக்கு விதிப்படி போதுமான தூரம். ஆனாலும் அங்கே பெரும்பாலும் நடப்பது பிரித்த இயக்கம்தான். பிற்பகல் 3 மணிக்கு ஓடுதளங்களின் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள், கீழே வசிக்கிறவர்களுக்குப் பாதி நாளாவது சத்தம் குறையட்டும் என்று. தூரம் இருக்கிறது என்பதற்காகவே ஒரே நேரத்தில் இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஓடுதள முனைகள் நேருக்கு நேராக இல்லாமல் முன்பின்னாக இருந்தால் 760 மாறும். இறங்கும் ஓடுதளத்தின் முனை, வரும் விமானத்தை நோக்கி 150 மீட்டர் முன்னால் இருந்தால் இடைவெளியில் 30 மீட்டர் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைத்தாலும் இடைவெளி 300 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பின்னால் தள்ளி இருந்தால் அதே வீதத்தில் கூட்ட வேண்டும். ஒரு கணக்கு: முனை 600 மீட்டர் முன்னால் இருந்தால் 640 மீட்டர் போதும். பின்னால் இருந்தால் 880 வேண்டும்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கிழக்கிலிருந்து வந்து 27-இல் இறங்குவோம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பினால் மேற்கிலிருந்து வந்து 09-இல் இறங்க வேண்டும். அப்போது முன்னால் இருந்த முனை பின்னால் போய்விடும். நீளம் சமமான இரு ஓடுதளங்கள் என்றால், காற்று மாறும்போது ஏறும் வேலையையும் இறங்கும் வேலையையும் மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். அதற்கு ஒன்றில் 27 முனையிலும் மற்றதில் 09 முனையிலும் ஐ.எல்.எஸ். (லோக்கலைசரை உள்ளடக்கிய, கருவி வழி இறங்கும் அமைப்பு) வேண்டும்; ஒன்றை மூடினாலும் மற்றது இரு திசையிலும் இயங்க, நான்கு முனையிலும் வேண்டும். திட்ட மதிப்பீட்டில் இரண்டு ஐ.எல்.எஸ். மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் தவிக்கும் இடம் இது.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. இறங்க வந்த விமானம் கோ-அரவுண்ட் செய்யும் அதே நேரத்தில் பக்கத்தில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கலாம். இருவர் பாதையும் உடனே குறைந்தது 30 பாகை விலக வேண்டும். அடுத்தது தரையில். 760 மீட்டர் இடைவெளியில், நடுவே முனையக் கட்டடம் வைக்க வசதியாக இடம் இருக்காது. முனையம் ஒரு பக்கம் ஒதுங்கினால், வெளி ஓடுதளத்தில் இறங்கிய ஒவ்வொரு விமானமும் உள் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு கடத்தலும் ஒரு வாய்மொழி அனுமதி; தவறாகக் கேட்கவோ சொல்லவோ ஒரு வாய்ப்பு.

## வழி 3: சார்ந்த அப்ரோச்

இரண்டிலும் விமானங்கள் இறங்கும், ஆனால் பக்கம் பக்கமாக வராது. மாடிப்படிபோல ஏறுமாறாக வரும். பக்கத்துக் கோட்டில் வரும் விமானத்துக்குக் குறுக்காக 2 கடல் மைல், அதாவது 3.7 கிலோமீட்டர். ஓடுதள இடைவெளி குறைந்தது 915 மீட்டர்.

இந்த முறையின் வலிமை வடிவியலில் இருக்கிறது. 915 மீட்டர் இடைவெளியில் 3.7 கிலோமீட்டர் குறுக்குத் தூரம் என்றால், நீளவாக்கில் ஒன்று மற்றதைவிட சுமார் 3.6 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. முன்னால் போவது 30 பாகை திரும்பிப் பக்கத்துக் கோட்டைக் கடக்கிறது என்று கொள்வோம். குறுக்கே போவதால் அதன் முன்னோக்கிய வேகம் கொஞ்சம் குறையும். அந்த 30 நொடியில் பின்னால் வருவது சுமார் 230 மீட்டர் மட்டுமே நெருங்கும். அது கோட்டைக் கடக்கும்போது இன்னமும் 3 கிலோமீட்டருக்கு மேல் இடம் இருக்கும். கன்ட்ரோலர் அந்த நொடியில் வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், ரேடியோவில் இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தாலும், இந்த இடம் இருக்கும். மனிதர்களின் வேகத்தை நம்பாத பாதுகாப்பு என்பதால் இதற்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறோம்.

கெடுவது எங்கே? வேக வித்தியாசத்தில். மதுரைக்கு வருபவை பெரும்பாலும் ஏ320 வகை ஜெட்டும் ஏ.டி.ஆர். வகை புரொப்பெல்லர் விமானமும். முன்னால் போகும் ஏ.டி.ஆர். 115 நாட், பக்கத்துக் கோட்டில் பின்னால் வரும் ஏ320 140 நாட் என்று கொள்வோம். கடைசி 5 கடல் மைலைக் கடக்க ஏ.டி.ஆருக்கு 157 நொடி ஆகும். அதற்குள் பின்னது ஒரு கடல் மைலுக்கு மேல் நெருங்கிவிடும். 2 கடல் மைலில் தொடங்கியது 1-க்கு வந்து நிற்கும். எனவே இந்த இணைக்கு 3 கடல் மைலுக்கு மேல் விட்டுத்தான் தொடங்க வேண்டும். மாறாக ஏ320 முன்னால் போனால் இடைவெளி தானே விரியும், நேரம் வீணாகும். கலந்து வரும் போக்குவரத்தில் இந்த முறையின் கொள்ளளவு, தாளில் போட்ட எண்ணைவிடக் குறைவதற்குக் காரணம் இதுதான். வரிசை அமைக்கும் கன்ட்ரோலரின் வேலைப்பளுவும் இங்கேதான் ஏறும்.

தாளில் போட்டால், எல்லாம் 140 நாட் என்றால், இரண்டு ஓடுதளத்திலும் சேர்த்து மணிக்கு 72 இறங்கலாம்.

## வழி 4: தனித்த அப்ரோச்

இதுதான் படங்களில் பார்க்கும் காட்சி: இரண்டு விமானங்கள் சோடியாக இறங்குகின்றன, ஒன்று மற்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல். குறைந்தபட்ச இடைவெளி 1,035 மீட்டர். தாளில் மணிக்கு 92 வரை இறங்கலாம். இந்த முறையில் நொடிகள் எல்லாம் மனிதர்கள் கையில், அதனால் நிபந்தனைகளும் இங்கேதான் நெருக்கம்.

இரு கோடுகளுக்கும் நடுவே 610 மீட்டர் அகலத்துக்கு ஒரு நுழையா வலயம் வரையப்படும். எந்த விமானமும் அதைத் தொடக் கூடாது. 1,035 மீட்டரில் 610 போனால், ஒவ்வொரு விமானத்துக்கும் தன் கோட்டிலிருந்து உட்பக்கம் கிடைக்கும் இடம் 212 மீட்டர்.

இப்போது நொடிக் கணக்கு. தடம் மாறிய விமானம் அந்த வலயத்தின் விளிம்பைத் தொட 11 நொடி. அங்கிருந்து பக்கத்துக் கோட்டுக்கு 23 நொடி. இந்த 23-இல்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஒரு தோராயப் பங்கீடு: ரேடார் திரை புதுப்பிக்க 2.5 நொடி, கன்ட்ரோலர் பார்த்து முடிவெடுக்க 3, மற்ற விமானத்தை விலகித் திரும்பச் சொல்லும் விலக்கு உத்தரவைச் சொல்லி முடிக்க 5, விமானி கேட்டுக் கையை நகர்த்தி விமானம் உண்மையில் திரும்பத் தொடங்க 8. மொத்தம் 18.5. மிச்சம் 4 நொடி சொச்சம். அதே இடத்தில் 5 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ரேடார் இருந்தால் மிச்சம் 2 நொடிக்கும் குறைவு. 1,525 மீட்டர் இடைவெளியில் அதே பழைய ரேடாருடன் 8 நொடிக்கு மேல் மிஞ்சும்.

விதியும் இதே வழியில்தான் போகிறது. 1,310 மீட்டருக்குக் குறைவான இடைவெளி என்றால் 2.5 நொடிக்குள் புதுப்பிக்கும், 0.06 பாகைத் துல்லியமுள்ள ரேடாரும், விமானம் எங்கே போகப் போகிறது என்று முன்கூட்டிக் காட்டி எச்சரிக்கும் திரையும் வேண்டும். 1,525 மீட்டருக்கு மேல் 0.3 பாகை, 5 நொடி போதும். முன்கூட்டிய எச்சரிக்கையின் மதிப்பு பெரிது. விளிம்பைத் தொட்ட பிறகு மணி அடிப்பதற்கும், தொடப்போகிறது என்று சில நொடி முன்பே அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், நிலத்தில் 100, 200 மீட்டர் வாங்குவதற்குச் சமம்.

ஆள் கணக்கு. ஒவ்வோர் ஓடுதளத்தின் கோட்டையும் கண்காணிக்கத் தனித்தனிக் கன்ட்ரோலர். அவர்களுக்கு டவரின் அலைவரிசையை மேலோங்கிப் பேசும் வசதி வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் தரையிறங்கும் அனுமதிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது விலக்கு உத்தரவு அடைபட்டுவிடும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் என்றால் ஓர் இருக்கைக்கு 4.2 பேர். விடுப்பு, பயிற்சி சேர்த்து ஐவர். இரண்டு இருக்கைக்குப் பத்துப் பேர். இந்தப் பத்துப் பேரின் பெரும்பாலான வேலை நேரம், ஒன்றும் நடக்காத திரையை விடாமல் பார்ப்பது. அதில் மனம் தளராமல் இருக்க அடிக்கடி ஆள் மாற்ற வேண்டும், சிமுலேட்டரில் தடம் மாறும் நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கோட்டில் சேரும் கட்டத்தில் இரண்டு விமானத்துக்கும் நடுவே 1,000 அடி உயர வித்தியாசம் அல்லது 3 கடல் மைல் இருக்க வேண்டும். லோக்கலைசரில் நிலைத்த பிறகே அதை விடலாம். வழக்கம்போல ஒன்று 4,000 அடியில், மற்றது 3,000 அடியில் வரட்டும். 3 பாகைச் சரிவில் 4,000 அடிக்காரர், இறங்கு சரிவைக் காட்டும் கதிரான கிளைட் ஸ்லோப்பைப் பிடிப்பது முனையிலிருந்து 12.6 கடல் மைலில். அதற்கு முன் லோக்கலைசரில் சமமாகப் பறக்க 2 கடல் மைல், கதிரைச் சந்திக்குமுன் நேராகப் பறக்க 1 கடல் மைல். சேர்த்தால் சுமார் 29 கிலோமீட்டர். 27-இல் இறங்க வந்தால் திருப்புவனத்தைத் தாண்டி மானாமதுரைப் பக்கமே வரிசை அமைந்திருக்க வேண்டும். 09 என்றால் திருமங்கலத்துக்கும் மேற்கே. மணிக்கு நாலு விமானம் வரும் ஊரில் ஒவ்வொன்றையும் இவ்வளவு சுற்ற வைப்பதன் எரிபொருள் செலவு யார் கணக்கிலும் தனியாகத் தெரியாது.

கதிரைச் சந்திக்கும் கோணம் 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. வேகம் அதிகமாகவோ, திரும்பும் நேரத்தில் பின்காற்று பலமாகவோ இருந்தால் 30 பாகையிலும் விமானம் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். இன்னொன்று: லோக்கலைசர் கதிர் விசிறிபோல விரிவது. முனையில், விமானிக்குக் கோட்டைக் காட்டும் ஊசி முழுதாக விலகினால் 105 மீட்டர். நீளமான ஓடுதளத்துக்கு, 10 கடல் மைல் வெளியே அதே ஊசி பாதி விலகினாலே சுமார் 280 மீட்டர். நமக்கு இருப்பதோ 212. தானியங்கி பைலட் இதைவிடப் பல மடங்கு துல்லியமாகப் பறக்கும் என்றாலும், கையால் ஓட்டி வருகிறவரை மனத்தில் வைத்தே மதிப்பீடு செய்ய வேண்டும்.

தவறான கதிரைப் பிடிப்பது அடுத்த ஆபத்து. 27 இடதும் 27 வலதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே. கடைசி நேரத்தில் ஓடுதளம் மாற்றிச் சொன்னால் கணினியில் பழையது நின்றுவிடும். அதனால்தான் ஒரே நேர அப்ரோச் நடக்கிறது என்பதை முன்பே அறிவித்து, ஓடுதளத்தின் பெயரையும் லோக்கலைசர் அலைவரிசையையும் ஒவ்வொரு விமானிக்கும் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும் என்கிறது விதி.

விலக்கு உத்தரவு வந்தால் எங்கே திரும்புவது? இங்கே மதுரைக்கென்று ஒரு கவலை இருக்கிறது. நிலையத்துக்கு வடக்கே, கொஞ்சம் மேற்காக, 5 கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம் மலை. மேற்கிலிருந்து 09-இல் இறங்கி வரும் விமானத்தை வடக்கே திருப்பினால் அது அந்தப் பக்கம்தான் போகும். இரண்டாவது ஓடுதளத்தை இப்போதுள்ளதற்கு வடக்கே போடுவதா தெற்கே போடுவதா என்பதை நில விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. விலகும் பாதையின் கீழ் என்ன நிற்கிறது என்று அளக்க வேண்டும். கோ-அரவுண்ட் பாதைகளும் இரண்டும் 30 பாகையாவது விரிந்து போக வேண்டும்.

விலகலை விமானி எப்படிச் செய்கிறார் என்பதிலும் நொடிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நெருங்கிய இணை அப்ரோச் நடைமுறையில் விலக்கு உத்தரவு வந்தால் கையால் ஓட்டித்தான் திரும்ப வேண்டும். தானியங்கியில் எண் மாற்றித் திருப்புவது தாமதம்.

இந்த முறையை நிறுத்த வேண்டிய நேரமும் எழுதி வைத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாலைகளில் திடீரென்று எழும் இடிமேகம், காற்றின் வேகமும் திசையும் சட்டென மாறும் காற்று வெட்டு, பலமான பக்கக் காற்று: இவை விமானத்தைக் கோட்டிலிருந்து தள்ளும். அப்போது வழி 3-க்கோ வழி 2-க்கோ இறங்கிவிட வேண்டும். எந்த அளவில் நிறுத்துவது, யார் சொல்வது என்பதை முன்பே தீர்மானிக்காத இடத்தில், போக்குவரத்து நெருக்கும்போது யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

## ஒட்டிப் போட்ட ஓடுதளங்கள்

இடம் இல்லை என்று 200, 300, 500 மீட்டரில் போட்டுவிடலாமா என்பவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோவின் 28 இடது, 28 வலது இடையே 750 அடி, அதாவது 229 மீட்டர்தான். கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துப் பறக்கும் தெளிந்த வானிலையில் மட்டும் சோடியாக இறக்கிப் பழகிய இடம். பனி மூடினால் கொள்ளளவு சரிந்துவிடும். பிராங்பர்ட்டின் பழைய இரு ஓடுதளங்கள் 518 மீட்டர். 760-க்குக் கீழே போனால் சுழல்காற்றுக் கணக்கில் இரண்டையும் ஒரே ஓடுதளமாகவே எண்ண வேண்டும். ஏ320-உம் ஏ.டி.ஆரும் இரண்டுமே நடுத்தர வகை என்பதால் இன்றைய மதுரைக்கு அது பெரிய தடை இல்லை. அகல உடல் விமானம் வரத் தொடங்கினால் அதன் பின்னால் வரும் நடுத்தர வகைக்கு 5 கடல் மைல் விட வேண்டும், பக்கத்து ஓடுதளத்திலும்.

அருகருகே விளக்கு வரிசைகள் இருப்பதே ஓர் ஆபத்து. 2017 ஜூலை 7 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா 759 விமானம், 28 வலதுக்குப் பதிலாகப் பக்கத்து டாக்ஸிவேயை நோக்கி இறங்கியது. அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. சுமார் 60 அடி உயரத்தில் கடந்து மேலேறியது. 28 இடது அன்று மூடி, விளக்கு அணைந்திருந்தது. விமானிகள் அதை மனத்தில் கொள்ளாமல், விளக்கு எரிந்துகொண்டிருந்த ஓடுதளத்தை 28 இடது என்று எண்ணிவிட்டார்கள். கண்ணால் பார்த்து இறங்கிய அவர்கள் துணைக்கு ஐ.எல்.எஸ்-ஐ வைத்துக்கொள்ளவில்லை.

## பக்கம் பக்கமாக

| | குறைந்தபட்ச இடைவெளி | பாதுகாப்பு எதில் நிற்கிறது | மணிக்குத் தாளில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஒரே ஓடுதளம் | – | வரிசை இடைவெளி | 23 இறக்கம், 23 ஏற்றம் | மூடினால் மாற்று இல்லை |
| பிரித்த இயக்கம் | 760 மீ | பாதை விரிதல், தரைக் கட்டுப்பாடு | 46 இறக்கம், தனியே ஏற்றம் | ஓடுதளம் கடத்தல், நான்கு முனைக்கும் ஐ.எல்.எஸ். |
| சார்ந்த அப்ரோச் | 915 மீ | குறுக்குத் தூரம் | 72 இறக்கம் | வேக வித்தியாசம், வரிசை வேலை |
| தனித்த அப்ரோச் | 1,035 மீ | ரேடார், ஆள், ரேடியோ | 92 இறக்கம் | பத்துக் கன்ட்ரோலர், வேக ரேடார், நீண்ட வரிசை |

நிலக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 4 கிலோமீட்டர் ஓடுதளத்துக்கு இடைவெளியில் கூடும் ஒவ்வொரு 100 மீட்டரும் 40 ஹெக்டேர், ஏறக்குறைய 99 ஏக்கர். 760-இலிருந்து 1,035-க்குப் போனால் 272 ஏக்கர். அங்கிருந்து 1,525-க்கு இன்னும் 484 ஏக்கர். நம் பக்கத்தில் அது வெறும் ஏக்கர் இல்லை. கண்மாய், அதன் வரத்துக்கால், அதை நம்பிய வயல், ஊர். ஓடுதளத்தை நீட்ட எடுக்கும் நிலத்துக்கே சின்ன உடைப்பு கிராம மக்கள் எவ்வளவு போராடினார்கள் என்பதைப் பார்த்தோம்.

## எந்த நிலைக்கு எது

மணிக்கு 30 இயக்கத்தைத் தொடாத நிலையம் வழி 1-ஐ விட்டு நகரக் காரணம் இல்லை. உச்ச நேரத்தில் 40-ஐத் தாண்டி, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று நெருக்கும்போது வழி 2 சரி. இறக்கம் மட்டும் குவியும் நேரங்கள் இருந்து, விமானங்களின் வேகம் ஒத்துப்போனால் வழி 3. நாள் முழுக்க மணிக்கு 70 இறக்கத்துக்கு மேல் தேவை என்றால்தான் வழி 4-இன் ஆள் செலவும் கருவிச் செலவும் நியாயம்.

மதுரைக்கு எங்கள் முடிவு: இரண்டாவது ஓடுதளம் என்றைக்காவது வந்தால் பிரித்த இயக்கத்தில் தொடங்க வேண்டும், இடைவெளியை 915 மீட்டருக்குக் குறையாமல் வைக்க வேண்டும். 760-க்கும் 915-க்கும் வித்தியாசம் 153 ஏக்கர். அது குறைவல்ல. ஆனால் கான்கிரீட் போட்ட பிறகு இடைவெளியைக் கூட்ட முடியாது. 915 இருந்தால் பின்னாளில் சார்ந்த அப்ரோச்சுக்குப் போகலாம், அதுவும் ஆளின் வேகத்தை நம்பாத முறை. 1,035-க்காக மேலும் 119 ஏக்கர் கேட்பதற்கு மதுரையின் போக்குவரத்தில் காரணம் தெரியவில்லை.

## மதிப்பீட்டு அறிக்கையில் எதைத் தேடுவது

ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், விமானங்கள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகின என்ற அளவீடு தூரவாரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு நிலையத்தின் எண்ணை எடுத்துப் போட்டிருந்தால், அங்கே ஏ.டி.ஆர். பறக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, தடம் மாறும் நிகழ்ச்சியை எப்படி ஓட்டிப் பார்த்தார்கள் என்பது. அமெரிக்காவில் இதற்கு உருவான முறை நல்ல அளவுகோல்: 30 பாகை திரும்பி, கன்ட்ரோலர் சொல்லியும் திரும்பி வராத விமானம் என்று கொண்டு, ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஓட்டி, மற்ற விமானத்துடன் தூரம் 500 அடிக்குள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். இலக்கு, 2.5 கோடி அப்ரோச்சுக்கு ஒரு விபத்துக்கு மேல் ஆகாமல் இருப்பது. கணினிக்குக் கொடுக்கும் பதில் நேரம் உண்மையான கன்ட்ரோலர்களையும் விமானிகளையும் சிமுலேட்டரில் உட்காரவைத்து அளந்ததாக இருக்க வேண்டும். சராசரி மட்டும் கொடுத்திருந்தால் போதாது. 23 நொடிக் கணக்கில் ஆளைக் கொல்வது மிக மெதுவாகப் பதிலளித்த அந்தச் சிலர்தான், அவர்களுடைய எண்கள் தனியாக வேண்டும்.

மூன்றாவது, கருவி ஒன்று போனால் என்ன செய்வார்கள் என்ற பட்டியல். ஒரு கிளைட் ஸ்லோப் நின்றால், எச்சரிக்கைத் திரை நின்றால், கண்காணிப்பு இருக்கையில் ஆள் இல்லையென்றால், தனித்த அப்ரோச் அந்த நிமிடமே நிற்க வேண்டும்.

கடைசியாக, தொடங்கிய பிறகான பதிவு. முதலில் தெளிந்த வானிலையில், பகலில், குறைந்த போக்குவரத்தில். நுழையா வலயத்தை ஒரு விமானம் தொட்டாலும், மோதல் தவிர்ப்புக் கருவி ஒரு முறை ஒலித்தாலும், விலக்கு உத்தரவு ஒன்று வந்தாலும், ரேடார் பதிவும் குரல் பதிவும் எடுத்து வைத்து, முன்பு கணக்கில் எடுத்த நொடிகளுடன் ஒப்பிட வேண்டும். கணக்கில் 8 நொடி என்று போட்ட விமானியின் பதில், பதிவில் 11 நொடியாக வந்துகொண்டிருந்தால், 1,035 மீட்டரில் மிச்சமிருந்த 4 நொடியில் 3 போய்விட்டது என்று பொருள். மதிப்பீட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.